கிட்டு வாங்கும் முன் பஸ் நேரத்தைப் பாருங்கள், டீச்சர்

கேள்வி: ஐயா, நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி விட்ட பிறகு 7 முதல் 11-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ரோபோடிக்ஸ் வகுப்பு தொடங்கலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். 24 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், 11 பேர் பெண் பிள்ளைகள். முன்னாள் மாணவர்கள் 60,000 ரூபாய் தந்தார்கள். ஒரு நிறுவனத்தார் 1,85,000 ரூபாய்க்குப் பத்து கிட்டு (ரோபோ செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி), 40 பாடங்கள் கொண்ட புத்தகம், வாரம் ஒருமுறை பயிற்றுநர் என்கிறார்கள். குறையும் பணத்தைப் பெற்றோரிடம் வசூல் செய்யலாமாம். கம்ப்யூட்டர் அறையில் ஓடுகிற நிலையில் இருப்பது ஆறு. நான் பி.எஸ்சி. இயற்பியல், கோடிங் தெரியாது. பாதிப் பிள்ளைகளுக்கு 5.15 பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான். 'படிப்பு கெட்டுவிடாதா' என்று பெற்றோர் கேட்கிறார்கள். இதை என்னால் நடத்த முடியுமா? எதை வாங்குவது?

பதில்:

டீச்சர், வணக்கம். உங்களால் முடியும். அந்த 1,85,000 ரூபாய் பேச்சை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள், உங்கள் கையில் இருக்கும் 60,000 ரூபாயே இரண்டு வருஷத்துக்குத் தாராளமாக வரும். பெற்றோரிடம் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். வசூல் என்று ஆரம்பித்தால் அந்த 24 பேரில் முதலில் நின்றுபோவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் ஆலைகளில் கருவியியல் பிரிவில் வேலை பார்த்தவன். ஆறு வருஷமாகக் கும்பகோணத்தில் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். முதல் வருஷம் நானும் புத்தகத்தோடு வரும் கிட்டுதான் வாங்கினேன். பிள்ளைகள் ஆர்வமாகத்தான் செய்தார்கள், பக்கம் 12-இல் உள்ள வண்டி, பக்கம் 20-இல் உள்ள கை, ஒவ்வொன்றும் அழகாக ஓடியது, ஓடி முடித்ததும் கழற்றிப் பெட்டியில் போட்டோம், ஏனென்றால் அடுத்த நாள் வேறு பிள்ளைகளுக்கு அதே பாகம் வேண்டும். மார்ச் மாதம் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் "உனக்குப் பிடித்ததாக நீயே ஒன்று செய்யம்மா" என்றேன். அவள் புத்தகத்தைத் திறந்து எந்தப் பக்கம் என்று கேட்டாள். அது அவள் தவறில்லை, ஒரு வருஷம் முழுக்க நான் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான். அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு விதி: ஒரு குழு செய்ததை இன்னொரு குழுவுக்காகக் கழற்றக் கூடாது. அரைகுறையாக நிற்கும் ரோபோ அரைகுறையாகவே அடுத்த வாரம் வரை டப்பாவில் இருக்க வேண்டும், பிள்ளை ராத்திரி படுக்கும்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டும். பத்து கிட்டைப் பள்ளி முழுக்கப் பகிரும்போது இது நடக்காது.

அப்புறம் நேரம். 4.10-க்கு மணி அடித்தால், முகம் கழுவி, தண்ணீர் குடித்து, வந்து உட்கார 4.20 ஆகிவிடும். 5.15 பஸ்ஸுக்கு 5.05-க்கு விட வேண்டும். ஆக 45 நிமிஷம். வாரம் ஒன்று என்று வைத்தால், காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்கள், ஐப்பசி கார்த்திகையில் மழைக்கு விடும் லீவு, பொங்கல், பிப்ரவரிக்கு மேல் ஆண்டுத் தேர்வு நெருக்கடி எல்லாம் கழித்து உங்களுக்கு மிஞ்சுவது 25 வகுப்புகூட இருக்காது. வாரம் இரண்டு என்று வைத்தாலும் கூடிப்போனால் 45. மணிக்கணக்கில் பார்த்தால் 34-க்குள். இதில் 40 பாடம் எங்கே நடத்துவது? இருக்கிற நேரத்தில் ஒரு குழு இரண்டே இரண்டு பொருள் செய்தால் போதும், ஆனால் அவை இரண்டும் அவர்களுடையவையாக இருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் வையுங்கள், ஒரு நாள் மட்டும் என்றால் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

இனி வாங்குவது. மூன்று பேருக்கு ஒரு குழு, எட்டுக் குழு. நாலு பேர் வைத்தால் ஒருவர் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுவார், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு குழுவுக்கு வேண்டியது: ரோபோவுக்கு மூளையாக, நாம் எழுதும் நிரலை ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, போர்டு சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் தரும் எல்298என் மோட்டார் டிரைவர், கடையில் பிஓ மோட்டார் என்று கேட்டால் தரும் மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, அதற்குச் சக்கரம், ஒலியால் தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சார், அகச்சிவப்பு ஒளியால் உணரும் ஐஆர் சென்சார் இரண்டு, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறிய சர்வோ மோட்டார், சால்டரிங் இல்லாமல் வயரைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, ஜம்பர் வயர், திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி ஆறு. விலை அவ்வப்போது ஏறி இறங்கும், ஏறக்குறைய 2,000 ரூபாய்க்குள் ஒரு செட் முடியும். ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியில் மாணவர்களுக்காகவே உருவான போர்டு, அதன் வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்து விற்கலாம் என்று திறந்தே வைத்திருக்கிறார்கள். அதனால் மலிவாகக் கிடைக்கும் குளோன் போர்டை வாங்கும்போது கள்ளச் சரக்கு வாங்குகிறோமோ என்று நினைக்க வேண்டாம். எட்டு செட்டுக்கு 16,000. மல்டிமீட்டர் மூன்று, சால்டரிங் அயர்ன் இரண்டு, வயர் உரிக்கும் கட்டர், ஸ்க்ரூ டிரைவர்கள், குளூ கன், பேட்டரி சார்ஜர்கள் எல்லாமாக 7,000 ஆகும். உடைவதற்கும் புகைவதற்கும் இன்னொரு 6,000 ஒதுக்குங்கள், முதல் வருஷம் மோட்டார் டிரைவர் இரண்டு மூன்று போகும், போகட்டும். மீதி 31,000-ஐத் தொடாதீர்கள். வண்டியின் உடலுக்கு அக்ரிலிக் தகடு வேண்டாம், பழைய பிளைவுட், தடித்த அட்டை, தயிர் டப்பா எது கிடைத்தாலும் சரி.

கம்ப்யூட்டர் ஆறுதான் இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். எட்டுக் குழுவில் எப்போதும் இரண்டு குழு சக்கரம் மாட்டிக்கொண்டோ வயர் தேடிக்கொண்டோதான் இருக்கும். பிள்ளைகளின் அண்ணன் அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த இலவச லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆர்டுயினோ மென்பொருளுக்கு அது போதும்.

ஒன்பது வோல்ட் சதுர பேட்டரியை வாங்கவே வாங்காதீர்கள். இணையத்தில் வரும் படங்களில் பாதி அதைத்தான் காட்டுகிறது. அதற்குள் இருக்கும் மின்தடை அதிகம், மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாது, மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் சரிந்து போர்டு அணைந்து மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். பிள்ளைகள் புரோகிராமில் தவறு என்று நினைத்து ஒரு வாரம் தேடுவார்கள். இதை நம் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம்: பம்புசெட் போட்ட நிமிஷத்தில் வீட்டு லைட் ஒரு தரம் மங்கி எழுவதைப் பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் ஒருவர்கூட இருக்கமாட்டார். அதேதான் இது. இன்னொன்று, மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்தாலும் போர்டு, மோட்டார் இரண்டின் கிரவுண்டும், அதாவது மைனஸ் முனையும், ஒன்றாக இணைந்திருக்க வேண்டும், ஓடாத ரோபோ என்று என்னிடம் வருபவற்றில் முக்கால்வாசி இந்த ஒரு வயர் விட்டுப்போனதுதான்.

கோடிங் தெரியாது என்றீர்கள். உங்களுக்கு இயற்பியல் தெரியும், அது எனக்குத் தெரிந்த பல பயிற்றுநர்களுக்குத் தெரியாது. டிங்கர்கேட் என்று இணையத்தில் இலவசமாக இருக்கிறது, அதில் போர்டு, எல்.இ.டி., சென்சார் எல்லாவற்றையும் திரையிலேயே இணைத்து ஓட்டிப் பார்க்கலாம், கட்டளை எழுதிய கட்டங்களை அடுக்கினால் பக்கத்திலேயே அதற்கான நிரல் வரியும் தெரியும். பள்ளி திறப்பதற்குள் மூன்று வாரம் தினமும் அரைமணி நேரம் உட்காருங்கள். அப்புறம் உண்மையான பாகங்களை வைத்து, சுவரைக் கண்டால் நின்று திரும்பும் வண்டி ஒன்றை நீங்களே தனியாகச் செய்து முடியுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் அவ்வளவு தூரம் போயிருந்தால் போதும். வகுப்பில் ஒரு பிள்ளை கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியலை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர்களோடு தரையில் உட்காருங்கள்.

உங்கள் இயற்பியல் எங்கே வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அல்ட்ராசோனிக் சென்சார் ஒலியை அனுப்பி எதிரொலி வர ஆகும் நேரத்தை அளக்கிறது. இணையத்தில் கிடைக்கும் எல்லா நிரலிலும் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது 20 டிகிரி வெப்பநிலைக்கு. நம் ஊரில் 20 டிகிரி எப்போது வருகிறது, மார்கழி விடியற்காலையில் வரலாம். 38 டிகிரி வெயிலில் வேகம் ஏறக்குறைய 354, ஆக ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரை சென்சார் 97 சென்டிமீட்டர் என்று காட்டும். அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்து "மிஸ், சென்சார் தப்பு" என்று ஒரு பிள்ளை சொல்வாள். உடனே கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை அளந்து எழுதச் சொல்லுங்கள், ஒரு வாரம் ஆகட்டும். ஒலி பாடத்தை அந்தப் பிள்ளை அதற்கப்புறம் மறக்கமாட்டாள்.

முதல் வகுப்புக்கு போர்டையே எடுக்க வேண்டாம். தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மை ஒன்றைக் கொண்டுபோங்கள், தட்டிவிட்டால் சாய்ந்து மறுபடி எழுந்து நிற்குமே, அது. ஏன் எழுகிறது என்று கேளுங்கள். பிறகு ஒரு வண்டியின் மேல் பேட்டரியை உயரத்தில் கட்டி ஓட்டுங்கள், திரும்பும்போது கவிழும். அதே பேட்டரியை அடியில் கட்டினால் கவிழாது. கனம் எங்கே இருக்கிறது என்பதைப் பொம்மை செய்கிறவர்கள் எவ்வளவு காலமாக அறிந்து வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

இரண்டாவது பொருள், அதாவது குழு தானே தேர்ந்தெடுக்கும் பொருள், ஊருக்குள்ளிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை. போன குறுவையில் என்னிடம் வரும் மூன்று பிள்ளைகள் செய்ததைச் சொல்கிறேன். நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நீர்ப் பாய்ச்சும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பாதி புதைத்து, அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சுவது, பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க விடுவது. அந்த மூவரில் ஒரு பையனின் தாத்தா குழாய்க்குள் குனிந்து பார்க்கத் தினமும் வரப்பில் நடக்கிறார், மூட்டுவலி. அந்தப் பேரன் அதையே குழுவின் வேலையாக எடுத்துக்கொண்டான். முதலில் குழாய்க்கு மேல் அல்ட்ராசோனிக் சென்சாரை வைத்தார்கள், அளவு தாறுமாறாக வந்தது, குழாய்ச் சுவரில் பட்ட ஒலியே முதலில் திரும்பி வந்துவிடுகிறது. இரண்டு வாரம் அதில் போனது. நான் வாயைத் திறக்கவில்லை, திறக்காமல் இருப்பது எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு பெண் தெர்மகோல் மிதவையில் குச்சி செருகி, குச்சி இறங்கியதும் ஒரு சுவிட்ச் விழுவதுபோல் செய்தாள். சுவிட்ச் விழுந்தால் சர்வோ மோட்டார் ஒரு சிவப்புத் துணியை நிமிர்த்தும். தாத்தா வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

அது ரோபோவா என்று அப்பா ஒருவர் கேட்டார். சுற்றியிருப்பதை உணர்கிறது, அதை வைத்து முடிவெடுக்கிறது, முடிவுக்கு ஏற்ப அசைகிறது. ரோபோவுக்கு வேறென்ன வேண்டும்? கை கால் வைத்து நடக்கும் பொம்மையைவிட இது எனக்கு உசத்தி.

அந்தத் துணி வெற்றி பெற்றதும் பிள்ளைகள் அடுத்துக் கேட்டது, "சார், அப்படியே பம்பு மோட்டாரையும் போட வைக்கலாமா?" கூடாது என்று சொன்னேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மும்முனை மின்சாரம், போர் மோட்டார் ஸ்டார்ட்டர், வீட்டு பிளக் பாயின்ட் எதையும் பிள்ளைகள் செய்யும் பொருளோடு இணைக்கக் கூடாது, ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) போட்டுச் செய்கிறோம் என்று யார் சொன்னாலும் கூடாது. எல்லாமே பேட்டரியில், 9 வோல்ட்டுக்குள். லித்தியம் செல்லும் முதல் வருஷம் வேண்டாம், குறிப்பாகப் பழைய லேப்டாப்பைப் பிரித்து எடுத்த செல் வேண்டவே வேண்டாம். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், ஓட்டுக் கூரை அறையின் சூட்டில் சார்ஜில் போட்டுவிட்டு யாரும் இல்லாமல் வீட்டுக்குப் போனால் இன்னும் மோசம். நிக்கல் பேட்டரி கொஞ்சம் கனம், அவ்வளவுதான். சால்டரிங் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கலந்து உட்கார வைத்தால் முதல் வாரத்திலேயே ஸ்க்ரூ டிரைவர் பையன் கைக்கும் நோட்டுப் புத்தகம் பெண் கைக்கும் போய்விடும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. நான் முதல் பருவத்தில் பெண்களைத் தனிக் குழுவாக வைக்கிறேன், அடுத்த பருவத்தில் கலக்கிறேன், அதற்குள் கை பழகிவிடும். கட்டுபவர், நிரல் எழுதுபவர், அளந்து குறிப்பவர் என்ற மூன்று வேலையும் குழுவுக்குள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். 5.05 என்றால் 5.05. ஒருநாள் பஸ்ஸை விட்டு ஒரு பிள்ளை இருட்டில் வீடு போய்ச் சேர்ந்தால், மறுநாளிலிருந்து அவளை மட்டுமல்ல, அந்தத் தெருவிலிருந்து வரும் எல்லாரையும் நிறுத்திவிடுவார்கள். வேலை பாதியில் இருக்கிறது, ஐந்து நிமிஷம் மிஸ் என்று கெஞ்சுவார்கள், விடாதீர்கள்.

மத்தியானம் சாப்பிட்ட பிள்ளை 4.20-க்குப் பசியோடுதான் வரும். ஒரு கிலோ கொண்டைக்கடலை 24 பேருக்குப் போதும், சத்துணவு அம்மாவிடம் சொன்னால் அவித்துத் தாளித்துத் தருவார். தொடாதீர்கள் என்றேனே, அந்த 31,000-இலிருந்து இதற்குத் தாராளமாக எடுங்கள். சுண்டல் ஆரம்பித்த பிறகு என் வகுப்பில் லீவு போடுவது குறைந்தது.

படிப்பு கெடுமா என்று கேட்கும் பெற்றோரிடம் மதிப்பெண் ஏறும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அப்படி நமக்குத் தெரியாது. வாரத்தில் ஒன்றரை மணி நேரம், பத்தாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் ஜனவரியோடு நிற்கும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். அதைவிட, ஒருநாள் அவர்களையே வகுப்புக்குக் கூப்பிடுங்கள். அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், நடவு மெஷினைப் பிரித்துச் சேர்க்கிறவர், கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் இவர்களில் யாராவது ஒருவர் உங்கள் 24 பேரில் ஒருவருக்கு அப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். எரிந்துபோன மோட்டாரை முகர்ந்து பார்த்தே எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லும் காயில் கட்டும் அண்ணன் ஒருவரை நான் வருஷம் ஒருமுறை அழைக்கிறேன். மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று அவர் காட்டியதைப்போல் என்னால் காட்ட முடிந்ததில்லை. தன் அப்பாவுக்குத் தெரிந்ததைத்தான் இங்கே படிக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரிவது பெரிய விஷயம்.

போட்டிகள் இருக்கின்றன. 2004-இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட், அமெரிக்காவில் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டிகள், இரண்டிலும் இந்தியப் பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள். நல்ல போட்டிகள்தான், ஆனால் முதல் வருஷம் அந்தப் பக்கம் போகாதீர்கள், கட்டணமும் பயணச் செலவும் ஒருபுறம், 24 பேருக்கான வகுப்பு நாலு பேருக்கான வகுப்பாகச் சுருங்கிவிடும் என்பது இன்னொருபுறம். அதற்குப் பதில் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு எழுதுங்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையுடையது, பிள்ளைகளின் புது யோசனையைப் பள்ளி மூலமாக அனுப்ப வேண்டும், தேர்வானால் அதைச் செய்து பார்க்க 10,000 ரூபாய் அந்தப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். அந்த வயல் குழாய் மாதிரி ஒன்று உங்கள் பள்ளியிலும் கிளம்பினால் அனுப்பிவிடுங்கள். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தையும் தலைமையாசிரியரிடம் சொல்லி வையுங்கள், 2016-இலிருந்து இருக்கிறது, 6 முதல் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது, தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருவார்கள். விண்ணப்பம் திறக்கும்போது, ஒரு வருஷம் நடத்திய வகுப்பும் பிள்ளைகளின் நோட்டுகளும் கையில் இருந்தால் எழுதுவதற்கு உங்களிடம் விஷயம் இருக்கும்.

மே மாதக் கடைசிக்குள் ஆர்டர் போடுங்கள், பார்சல் வர ஒரு வாரம் பிடிக்கும். வந்த அன்றே எட்டு போர்டையும் கம்ப்யூட்டரில் மாட்டி, போர்டில் இருக்கும் சின்ன விளக்கு மின்னுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், மின்னாததை உடனே திருப்பி அனுப்பிவிடலாம். எட்டுமே கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம், குளோன் போர்டுகளில் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு சிஎச்340 என்று ஒரு சிப் இருக்கும், அதற்கான டிரைவர் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டால் தெரிந்துவிடும். அதுவும் சரிவராவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போர்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கும்பகோணம் வந்துவிடுங்கள், கூடவே இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், அந்தத் தெர்மகோல் மிதவை செய்த பெண்ணை நான் வரச் சொல்கிறேன்.